சிபில் மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறோம் என்பவரிடம் ஓடிபியைச் சொல்லிவிடாதீர்கள்

நேற்று ஈரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டு மாடிப்படியில், கையில் ஆதார் நகலோடு ஒரு கணவனும் மனைவியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். போன ஆண்டு அதே படியில் அதே நகலோடு ஏறியவன் நான். மேலே இருப்பவர், சிபில் மதிப்பெண்ணை, அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதை வைத்துத் தரும் மதிப்பெண்ணை, ஏற்றித் தருவதாகச் சொல்பவர். அந்தத் தம்பதியை நிறுத்திச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2021இல் கொரோனாவால் தறி ஓடாமல் கிடந்தபோது என் கிரெடிட் கார்டு பாக்கி 64,000 ரூபாயாகிவிட்டது. வசூலுக்கு வந்தவர், "38,000 கட்டுங்கள், கணக்கை முடித்துவிடலாம்" என்றார். நகையை அடகு வைத்துக் கட்டினேன். தொல்லை தீர்ந்தது என்றே மூன்று ஆண்டுகள் இருந்தேன். 2024இல் வீட்டுக் கடன் கேட்டபோதுதான், என் கடன் விவர அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று இல்லாமல் 'செட்டில்டு' என்று இருப்பது தெரிந்தது. முழுத் தொகையையும் கட்டாமல் குறைத்து முடித்துக்கொண்டவர் என்று அதற்குப் பொருள். இதை வசூலுக்கு வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிபில் மதிப்பெண் 648. அது 300இலிருந்து 900 வரை போகும்; 750க்கு மேல் இருந்தால்தான் வங்கியில் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள்.

அந்தப் பதற்றத்தில்தான் மாடியேறினேன். "அண்ணா, 45 நாளில் 750ஐத் தாண்ட வைக்கிறேன்" என்றார் அங்கே இருந்தவர். கட்டணம் 15,000, முன்பணம் 9,000. பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டு, என் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். சொல்லிவிட்டேன்.

அதை வைத்து சிபில் இணையதளத்தில் என் பெயரில் நுழைந்து, "இந்தக் கார்டு என்னுடையதே அல்ல" என்று புகார் பதிந்திருக்கிறார். பச்சைப் பொய், அதுவும் என் பெயரில். பதிவு சரியானதே என்று வங்கி பதில் அனுப்ப, புகார் தள்ளுபடியானது.

நாற்பத்தைந்தாம் நாள் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். 718. "பாதி ஏறிவிட்டது அண்ணா, மீதிப் பணத்தைக் கட்டுங்கள்" என்றார். மகிழ்ச்சியில் 6,000 கொடுத்தேன். உண்மை வங்கியில்தான் விளங்கியது. நம் நாட்டில் மதிப்பெண் தரும் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் தன் வழியில் கணக்கிடுகிறது. முதலில் காட்டியது சிபில், பிறகு காட்டியது வேறொன்று. ஒரே ஆளை இரண்டு தராசில் நிறுத்திவிட்டு எடை கூடிவிட்டது என்றிருக்கிறார். போதாததற்கு, கமிஷனுக்காக என் ஆவணங்களை வைத்து மூன்று நிதி நிறுவனங்களில் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். அடுத்தடுத்து கடன் கேட்பவர் என்ற பதிவு விழுந்து, சிபில் 631க்கு இறங்கிவிட்டது. பணத்தைக் கேட்டபோது ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே இருந்தது.

உண்மையான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு அழிக்க எவராலும் முடியாது. தவறான பதிவு என்றால், திருத்தக் காசே வேண்டாம். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அப்போதும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. இவ்வளவும் இருக்க, 15,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேனே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு நானே வங்கிக்குப் போய், தள்ளுபடியான 26,000த்தையும் கட்டினேன். பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றக் கேட்டேன், மாற்றினார்கள். இருக்கும் ஒரு கார்டில் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் செலவு செய்து, தவணை தவறாமல் கட்டி வருகிறேன். பதினொரு மாதத்தில் 704க்கு வந்திருக்கிறது.

ஏற்கெனவே யாரிடமாவது ஓடிபி சொல்லியிருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அறிக்கையின் கடைசியில், உங்கள் பெயரில் யார் யார் விசாரித்தார்கள் என்ற பகுதி இருக்கும். அதை வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் தெரிந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அழையுங்கள்.