‘சர்வோ மோட்டார் போய்விட்டது’ என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

நேற்று இரவு, பட்டறைக்காரர் ‘செத்துப்போயிற்று’ என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்த சர்வோ மோட்டாரை (எஞ்சினின் வால்வுகளை நகர்த்தும் சிறிய மின்மோட்டார்) உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பனியில் ஓடும் என் ஸ்னோமொபைல் வண்டியின் கனெக்டரில் செருகிச் சாவியைத் திருப்பினேன். அதன் சிறிய கப்பி ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடையின்றிச் சுழன்று, மீண்டும் தன் இடத்துக்கே வந்து நின்றது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே. இந்த மோட்டார் கெட்டுவிட்டது என்று சொல்லி என்னிடம் வாங்கிய தொகை, என் ஒரு மாதச் சம்பளத்தில் சரிபாதி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதே மேசைக்கு முன்னால் இன்று வேறு யார் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை.

பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. எல்லா நிறுவனங்களின் ஸ்னோமொபைல்களையும் பழுதுபார்ப்போம் என்று சொல்லி, உதிரிபாகங்களையும் தாங்களே விற்கிற வகைப் பட்டறை அது. பழுதைக் கண்டுபிடிப்பவரும் பாகத்தை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

என் வண்டி இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பனி விழுந்து முதல் இரண்டு வாரங்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அதன் பிறகு ஒரு நாள், நீண்ட சமவெளியில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபோது, ஆர்பிஎம் 6,000-ஐத் தாண்டாமல் ஏதோ சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டது. வழக்கமாக 8,000 வரை சிரமமில்லாமல் ஏறும் எஞ்சின் அது. கூடவே எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. கீழ் வேகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. புறப்படும்போது எப்போதும்போல இழுத்தது. இன்னொன்றையும் கவனித்தேன். சாவியைத் திருப்பியவுடன் சர்வோ மோட்டார் ஒரு முறை ‘கிர்ர்’ என்று ஓடித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, ஆனால் பாதியில் திணறி அடங்கியது. இந்தச் சத்தத்தைப் பற்றிப் பட்டறையில் முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். கேட்கிற காது இருந்திருந்தால், அந்த ஒரு வாக்கியமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஏன் போதும் என்று சொல்கிறேன் என்றால், டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துவாரம் சிலிண்டர் சுவரிலேயே இருக்கிறது. அதைத் திறந்து மூடுவது பிஸ்டன்தான். துவாரத்தின் மேல் விளிம்பு உயரமாக இருந்தால் அதிவேகத்தில் பலம் கிடைக்கும், தாழ்வாக இருந்தால் குறைந்த வேகத்தில் இழுவை கிடைக்கும். இரண்டும் வேண்டும் என்பதற்காகத்தான் பவர் வால்வு என்ற தகட்டை வைத்து, மெதுவாக ஓடும்போது அந்த விளிம்பைத் தாழ்த்தியும் வேகம் கூடும்போது உயர்த்தியும் விடுகிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் புகையின் அழுத்தமும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே இந்த வேலையைச் செய்யும். அவற்றில் மோட்டாரே கிடையாது. என் வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கட்டளையிட, சர்வோ மோட்டார் கேபிள்களை இழுக்க, கேபிள்கள் தகடுகளை நகர்த்துகின்றன. மோட்டாருக்குள் இருக்கும் ஒரு சென்சார், கப்பி எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஈசியூவுக்குத் திருப்பிச் சொல்லும். சொன்ன நிலைக்குக் கப்பி வந்து சேரவில்லை என்றால் ஈசியூ பிழைக் குறியீட்டைப் பதிவு செய்துவிட்டு, எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மோட்டார் கெட்டிருந்தாலும் அந்தக் குறியீடுதான் வரும். தகடு கரியில் சிக்கி மோட்டாரால் அதை இழுக்க முடியாமல் போனாலும் அதே குறியீடுதான் வரும். இந்த வேறுபாட்டைக் கண்டறிவதற்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

நான் நம்பிய நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். பட்டறையின் உரிமையாளர் அன்பாகத்தான் பேசினார். உட்கார வைத்து, கணினியை வண்டியோடு இணைத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சர்வோ என்ற சொல் அங்கே இருந்தது. பவர் வால்வை யமஹா 1977-இல் தன் 500 சிசி பந்தய பைக்கில் கொண்டுவந்த கதையிலிருந்து தொடங்கி, ரோடாக்ஸ் எஞ்சின்களில் ‘ரேவ்’ என்ற பெயரில் வரும் பவர் வால்வு அமைப்பு வரை கடகடவென்று சொன்னார். அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் நெஞ்சை அறுக்கிறது. இவ்வளவு தெரிந்த மனிதர் என் வண்டியையும் அதே அக்கறையோடு பார்ப்பார் என்று நினைத்துவிட்டேன். “வால்வு மூடியைத் திறந்து பார்த்துவிட்டீர்களா அண்ணா?” என்று ஒரே ஒரு முறை கேட்டேன். “தம்பி, கணினியே சர்வோ என்று சொல்கிறது, அதற்கு மேல் திறந்து பார்ப்பது வீண் வேலை, கூலிதான் கூடும்” என்றார். என் கூலியை மிச்சப்படுத்துகிறாரே என்று நன்றியும் சொன்னேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை அன்றே கட்டினேன், முன்பணமாக அல்ல, முழுவதுமாக.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனபோது வாசலில் நிறுத்தி இரண்டு முறை முறுக்கிக் காட்டினார். எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தது. பிழைக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையத்தான் செய்யும் என்பதும், பாரம் இல்லாமல் நின்ற இடத்தில் முறுக்குவது ஒரு சோதனையே அல்ல என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது ஓட்டத்திலேயே அதே சமவெளியில், அதே 6,000-இல் எஞ்சின் மறுபடியும் முட்டி நின்றது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தட்டிக் கழிப்பதுதான். முதல் தடவை தொலைபேசியில், புது மோட்டார் பழகச் சில நாள் ஆகும் என்றார்கள். சர்வோ மோட்டாருக்குப் பழகுவது என்று எதுவும் கிடையாது. இரண்டாவது தடவை எரிபொருளைக் குறை சொன்னார்கள். மூன்றாவது தடவை நான் நேரில் போனபோது, உரிமையாளர் உள்ளே இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தும், வெளியே போயிருக்கிறார் என்று ஒரு பையனை விட்டுச் சொல்ல வைத்தார்கள். நான்காவது தடவை, மின்பாகங்களைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் சுட்டிக் காட்டினார்கள். நான் பாகத்தைத் திரும்பக் கொடுக்கப் போகவில்லை, வண்டி ஓடவில்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த வேறுபாடு அவர்களுக்குப் புரியாமல் இல்லை.

பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது மட்டும்தான் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நேற்று சேவைக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். கப்பியிலிருந்து இரண்டு கேபிள்களையும் கழற்றிவிட்டுப் பழைய மோட்டாரைச் செருகியபோது நடந்ததைத்தான் தொடக்கத்தில் எழுதினேன். அதோடு விடாமல், நிலை காட்டும் சென்சாரின் மூன்று கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்தும் பார்த்தேன். கையேட்டில் சொன்ன 5 வோல்ட் சரியாக வந்து சேர்ந்திருந்தது. கப்பி சுழலச் சுழல, திரும்பி வரும் வோல்டேஜ் எங்கும் துள்ளாமல், எங்கும் அறுந்து விழாமல் ஒரே சீராக ஏறி இறங்கியது. மோட்டார் நலம், சென்சார் நலம், கம்பிகளும் நலம். கழற்றிக் கிடந்த கேபிள்களைக் கையால் இழுத்தேன். ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. மற்றது மரத்தில் அடித்த ஆணிபோல அசையவே இல்லை. இவ்வளவுக்கும் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல்தான் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டார்கள்.

அசையாத பக்கத்து வால்வின் மூடியைத் திறந்தபோது, தகடு உலோகமாகவே தெரியவில்லை. அடிப்பிடித்த பாத்திரத்தின் கருகல்போல எண்ணெய்க் கரி அதன் இரு ஓரங்களிலும் கெட்டியாக ஏறி, தகடு நகர வேண்டிய காடியையே அடைத்திருந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெயும் எரிபொருளோடு சேர்ந்தே எரிகிறது. முழுவதும் எரியாத மிச்சம் இங்கேதான் வந்து படியும். மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தாலும், நின்றபடி எஞ்சினை நெடுநேரம் ஓடவிட்டாலும் படிவு இன்னும் சீக்கிரம் சேரும். தகட்டைக் கரி நீக்கும் திரவத்தில் ஊறவைத்து, கீறல் விழாமல் மெல்லச் சுரண்டி எடுத்தேன். நல்ல வேளையாக மூடிக்கான புதிய கேஸ்கெட் ஒன்று கைவசம் இருந்தது. கேபிளின் தளர்வைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்து, பழைய மோட்டாரையே மீண்டும் பூட்டினேன். இன்று காலை அதே சமவெளியில் எஞ்சின் 8,000 வரை தயக்கமில்லாமல் ஏறியது. மகிழ்ச்சி வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவர்கள் பூட்டிய ‘புது’ மோட்டாரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, அதன் நான்கு திருகுகளின் தலையும் ஏற்கெனவே யாரோ திறந்ததுபோல வழுக்கிப்போயிருந்தன. கனெக்டரின் பூட்டு நாக்கு உடைந்திருந்தது. அது கழன்றுவிடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைத்திருந்தார்கள். பெட்டியை அவர்கள் எனக்குக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதுப் பாகத்தின் விலையைக் கொடுத்து வேறு எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய மோட்டாரை வாங்கியிருக்கிறேன், அதுவும் தேவையே இல்லாமல்.

நண்பகலில் இரண்டு மோட்டார்களையும், நேற்று எடுத்த காணொளியையும் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். இந்த முறை ‘தம்பி’ இல்லை. “நீயே கைவைத்துத் திறந்துவிட்டாய், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டத் தொடங்கினார்.

விரிவான சோதனை முறையை எழுதுவதாகத்தான் தொடங்கினேன், ஆனால் இப்போது அதற்குரிய நிதானம் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிழைக் குறியீட்டை மட்டும் காட்டிச் சர்வோவை மாற்றச் சொன்னால், கேபிளைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் மோட்டார் திணறும் என்பதால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரி இல்லாமல் கயிறு இழுத்துக் கிளப்பும் வண்டிகளில் சாவியைத் திருப்பினால் மட்டும் ஈசியூ விழிக்காது, எனவே உங்கள் வண்டிக்குரிய கையேட்டின் முறையைத்தான் பின்பற்ற வேண்டும். தகட்டை நீங்களே கழற்றினால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்; தலைகீழாகப் போட்டால் பிஸ்டனில் இடிக்கக்கூடும். பாகத்தின் பெட்டியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கான பில் இப்போது முன்னால் விரித்துக் கிடக்கிறது. மோட்டாரின் விலைக்கு மேலே ‘பழுது கண்டறிதல்’ என்று ஒரு தனி வரி போட்டு, அதற்கும் தனியாக வாங்கியிருக்கிறார்கள். அந்த வரிக்கு என்ன சோதனை செய்தீர்கள் என்று எழுத்திலேயே கேட்டு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள் என்பதற்கான அடையாளம் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.