ஏ ரெக்கார்டா, எஸ்ஆர்வியா?

கம்பத்தில் கடை, மேலே வண்டன்மேட்டில் குடோன் என்று இருக்கும் ஏலக்காய் வியாபாரிக்கு இணையத் தொலைபேசி போட்டுக் கொடுத்தேன். போன் சர்வரைக் கண்டுபிடிக்க, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் முதலில் ஏ ரெக்கார்டுதான், அதாவது ஒரு பெயருக்கு நேராக ஐபி முகவரி; டிடிஎல், அதாவது அதை நினைவில் வைக்கும் நேரம், 60 விநாடி. சுலபம். ஆனால் சர்வர் விழுந்ததும் முகவரியை மாற்ற வேண்டும், மாற்றிய பிறகும் பழைய ஐபியையே விடாமல் பிடித்துக்கொள்ளும் போன்கள் உண்டு. எஸ்ஆர்வி என்பது ஒரு சேவைக்கான சர்வர்களை முன்னுரிமையோடு பட்டியலிடும் டிஎன்எஸ் பதிவு; அதில் முதன்மை, மாற்று என இரண்டு சர்வரையும் முன்பே எழுதிவிடலாம்: முன்னுரிமை 10 உள்ளதைப் போன் முதலில் தேடும், பதில் இல்லையென்றால் 20-க்குத் தானே போகும், 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3263 என்ற இணையத் தர ஆவணம் சொல்வதும் இதைத்தான்.

ஒரு சிக்கல், யுடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் தகவலை அனுப்பும் முறை) சர்வர் பேசாமலே இருந்தால், இணைய அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையான சிப்பின் விதிப்படி போன் 32 விநாடி வரை காத்திருக்கும், அதற்குள் கடைக்காரர் ரிசீவரை வைத்துவிடுவார். செட்டிங்கில் அதைக் குறைக்க முடிந்தால் கட்டாயம் குறையுங்கள். எஸ்ஆர்வி தெரியாத போனுக்கு மட்டும் ஏ ரெக்கார்டு போதும்.