கருவண்டா, பழவௌவாலா: கையிலுள்ள காசை எதற்குப் போடுவது?

பங்குனியில் கையில் இருந்த காசு ஒரு வேலைக்குத்தான் காணும். கறுத்தக்கொழும்பான் மாமரத்துக்கு வௌவால் வலை கட்டுவதா, தென்னையில் கருவண்டை, அதாவது காண்டாமிருக வண்டை, அடக்குவதா? முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் வளவுக்கு இரண்டும் வரும். நான் காசை வண்டுக்குத்தான் போட்டேன்.

வௌவால் செய்கிற நட்டம் பளிச்சென்று தெரியும். பொழுதுபட்டதும் குளக்கட்டு மருதில் இருந்து கிளம்பும். விடிய மாவடி முழுக்கச் சப்பித் துப்பிய சக்கை. வயிறு எரியும்தான். ஆனால் மரத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த வருசமும் காய்க்கும். வௌவால் வருசத்துக்கு ஒரு குட்டிதான் போடும். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும், பழவிதைகளைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுவதும் அதுதான். கடிபட்ட பழத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நிப்பா வைரசைக் காவுவது இந்த இனம்.

தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. வண்டு விரியாத குருத்துக்குள் துளைத்து இறங்கும். பிறகு விரியும் ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கினதுபோல் இருக்கும். துளைவாயில் ஈரச் சக்கை தள்ளியிருக்கும். வளர்ந்த மரம் தாங்கும், மூன்று வயசுத் தென்னம்பிள்ளை தாங்காது. அந்தத் துளையில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் வளர்ந்த மரமும் போய்விடும். இதே கருவண்டு 1909இல் இலங்கையில் இருந்து றப்பர் கன்றுகளோடு சமோவாவுக்குப் போய், பசிபிக் தீவுகளின் தென்னைகளை அழித்தது.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு. வலையைக் காற்றுக் கிழிக்கும், மரம் வளர வளரப் போதாமல் போகும், வௌவாலும் சிக்கிச் சாகும். ஒவ்வொரு பருவமும் புதிதாய்ச் செலவு. வண்டு பெருகுகிற இடமோ உக்கின குத்தியும் எருக்கும்பியும்தான். போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது செல்லடியில் வட்டுப் போன தென்னைகள் மொட்டையாய் நின்றன. விறகுக்கும் உதவாதென்று விட்டுவிட்டோம். பிறகு ஒன்றைக் கோடரியால் பிளந்தால், உள்ளே பெருவிரல் மொத்தத்தில் வெள்ளைப் புழுக்கள், வளைந்து சுருண்டபடி. ஒரு குத்திக்குள் முப்பத்தேழு எண்ணினேன். குத்திகளைப் பிளந்து எரிக்கக் கூலி ஒருமுறைதான். இப்போது இரண்டு மாதத்துக்கொருக்கால் எருவைக் கிளறிப் புழுவைக் கோழிக்குப் போடுகிறேன். மட்டையிடுக்கில் வேப்பம்புண்ணாக்கும் மணலும்.

என்னிடம் இருப்பது இரண்டு மாமரம். மாவை நம்பியே சீவிக்கிறவருக்குக் கணக்கு வேறாக வரலாம். நான் எட்டுகிற கிளைப் பழங்களுக்குக் கடதாசிப் பை கட்டினேன். மேல்கிளையை வௌவாலுக்கு விட்டுவிட்டேன்.