விடுதிப் பிள்ளைகளின் மெத்தைக் காசு 186,000 ரூபா போய்விட்டது, வன்னிப் பக்கம் இருப்பவர்கள் கவனம்

இணையத்தில் மெத்தை, நுளம்பு வலை, கட்டில் எல்லாம் மொத்த விலைக்குத் தருகிறோம் என்று விளம்பரம் போடும் பக்கம் ஒன்று எங்களிடம் 186,000 ரூபாவை விழுங்கிவிட்டது. வேறு யாரும் காசு போடுவதற்கு முதல் இதை வாசியுங்கள்.

கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் பாடசாலை விடுதிக்கு இம்முறை தரம் 6க்கு 24 பிள்ளைகள் வந்தார்கள். முத்தையன்கட்டு, நெடுங்கேணி, துணுக்காய் என்று தூரத்துப் பிள்ளைகள். மெத்தையும் வலையும் வாங்கிக் கொண்டுவாருங்கள் என்று அந்தத் தாய்மாரிடம் சொல்ல மனம் வரவில்லை. பழைய மாணவர்கள் நாங்களே சேர்த்தோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பினார்கள். நெல் விற்ற காசில் 2,000 ரூபாவைக் கொண்டுவந்து கையில் தந்த ஐயாவும் இருக்கிறார். ஒரு பிள்ளைக்கு மெத்தை 6,000, வலை 1,750. மொத்தம் 186,000 ரூபா.

விலை கேட்டுத் தொலைபேசி எடுத்தபோது அந்த விளம்பரக்காரன் கதைத்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். "அக்கா, நானும் விடுதியில இருந்து படிச்சவன்தான். பிள்ளையளின்ர பேரை அனுப்புங்கோ, ஒவ்வொரு வலையிலயும் பேர் தைச்சுத் தாறன், மாறிப்போகாது" என்றான். நாங்கள் யாரும் கேட்காததை அவனே சொன்னான். காசு பறிக்க வந்தவன் இப்படியெல்லாம் யோசிப்பானா? 24 பெயர்களையும் எழுதி அனுப்பினோம், காசை வங்கியில் வைப்பிலிட்டோம். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு வாங்கினானே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

புதுப் பிள்ளைகளின் வரவேற்புக்கு முதல்நாள் சாமான் இறங்கும் என்றான். மெத்தை ஏற்றிய லொறியின் வீடியோவும் வந்தது. பிறகு லொறி ஓமந்தையில் பழுது. பிறகு சாரதிக்குச் சுகமில்லை. பிறகு "நாளைக்குக் காலமை கட்டாயம் அக்கா". அப்புறம் தொலைபேசி அணைந்துவிட்டது.

அடுத்த நாள் வாசலில் நிறைகுடம் வைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டுப் பிள்ளைகளை உள்ளே கூட்டிவந்தோம். படுக்கும் மண்டபத்தில் வெறும் கட்டில் பலகைகள். தரம் 10, 11 பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தங்கள் மெத்தைகளைத் தூக்கிவந்து சின்னவர்களுக்கு விரித்துவிட்டு, தாங்கள் பாயில் படுத்தார்கள். வலைக்கு என்ன செய்வது? மாரி மழை விட்ட நேரம், நுளம்புக்குக் குறைவில்லை. ஒரு தாய் தன் சேலையைக் கட்டிலைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

வேறொரு நம்பருக்கு எடுத்தால் ஒரு பெண்பிள்ளை, "அவர் வேலையை விட்டுட்டார், எங்களுக்குத் தெரியாது" என்கிறாள். அதே பக்கத்தில் அதே மெத்தைக்கு இன்றைக்கும் விளம்பரம் ஓடுகிறது! வங்கியில் போய் நின்றால், நீங்களாகத்தானே போட்டீர்கள் என்கிறார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதிவிட்டு, "விசாரிச்சுச் சொல்லுறம்" என்றார்கள். 186,000 ரூபா. சேர்த்துத் தந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். சாமான் இறங்கின பிறகு காசு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாதவனை விடுங்கள். வியாபாரப் பதிவின் பிரதி கேளுங்கள், அதைப் பிரதேச செயலகத்தில் காட்டி விசாரியுங்கள். கடைப் பெயரில் இல்லாமல் தனி ஆளின் கணக்குக்குப் போடச் சொன்னால் போடாதீர்கள். பிள்ளைகளின் பெயர் விபரம் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏமாந்திருந்தால் பாவனையாளர் அதிகார சபைக்கு 1977, இணைய மோசடி என்றால் 101, இரண்டுக்கும் எடுங்கள். வைப்புச் சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

நீலத் தறப்பாள் போட்ட லொறி, மேலே வெள்ளை மெத்தைகள், பின்னால் நாய் குரைக்கிற சத்தம். இந்த வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் ஒரு சதமும் போடாதீர்கள், உடனே எனக்கு எழுதுங்கள்.