தோற்கச் சொல்லும் தாதாக்கள்: இரண்டு குத்துச்சண்டைப் படங்கள்

'பாடி அண்ட் சோல்' (1947), 'தி செட்-அப்' (1949) இரண்டிலும் சூதாட்டக் கும்பலுக்கு வேண்டியது ஒன்றுதான்: வீரன் வேண்டுமென்றே தோற்க வேண்டும்.

முதல் படத்தில் ஜான் கார்ஃபீல்ட் சாம்பியன். பணம் ஏற ஏற, ராபர்ட்ஸ் என்ற தாதாவின் கணக்குப் புத்தகத்தில் அவரும் ஒரு வரியாகிவிடுகிறார். காதலி பெக் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகுகிறாள். காதல், ஏற்றம், சறுக்கல் எல்லாம் வேண்டுமென்றால் இதுதான். சண்டைக் காட்சியை ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோ ரோலர் ஸ்கேட்டில் நகர்ந்தபடி, கையில் கேமராவோடு எடுத்தார். இன்று பார்த்தாலும் குத்து நம் முகத்துக்கே வருகிறது.

என் ஓட்டு என்னவோ இரண்டாவதுக்கு. ராபர்ட் ரயன் 35 வயதான, தோற்றுத் தோற்றுப் பழகிய வீரர். மேனேஜர் கும்பலிடம் காசு வாங்கிவிட்டு, எப்படியும் தோற்கத்தானே போகிறான் என்று நினைத்து, அவரிடம் விஷயத்தைச் சொல்லக்கூட இல்லை! படம் 72 நிமிடம். கதையும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்தில்தான் நடக்கிறது. ரயன் கல்லூரி நாட்களில் நிஜமாகவே குத்துச்சண்டை சாம்பியன், அது அவர் நிற்கும் விதத்திலேயே தெரியும். அப்புறம் அந்த வீரரின் மனைவி. அரங்குக்குள் போக மனமில்லாமல் இரவுத் தெருக்களில் அலைந்து, பாலத்தின் மேல் நின்று டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறாள். வசனமே இல்லை.