எங்கள் கம்பெனி ஹெல்த் கேம்ப்: ரத்தப் பரிசோதனை அருமை, காது பரிசோதனை கண்துடைப்பு

அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் (தகடுகளை மெஷினில் அழுத்தி வடிவமாக்கும் பிரிவு) சூப்பர்வைசராக இருக்கிறேன். நிர்வாகம் இந்த வருடம் வெளி ஏஜென்சி ஒன்றை வைத்து முகாம் நடத்தியது.

ரத்தம் எடுத்த பெண் கைதேர்ந்தவர். ஊசி குத்தியதே தெரியவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு நிற்காமல் ஹெச்பிஏ1சி-யும் பார்த்தார்கள். மூன்று மாத சராசரியைச் சொல்லும் சோதனை, சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம். நைட் ஷிப்ட் முடித்து டீயும் பன்னும் உள்ளே தள்ளிவிட்டு வருபவர்களுக்கு இதுதான் சரி. அதில் 5.7 சதவீதத்துக்கு மேல், அதாவது இயல்பான அளவைத் தாண்டிப் போனவர்களை டாக்டர் தனியாக உட்காரவைத்துப் பேசினார். ரிப்போர்ட் மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

காது பரிசோதனைதான் கொடுமை. வேனை ஜெனரேட்டர் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஹெட்போனில் மெல்லிய 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அந்த உறுமலில் எந்த பீப் கேட்கும்? போதாக்குறைக்கு, ஷிப்ட் முடிந்து வந்தவர்களை அப்படியே வரிசையில் நிறுத்தினார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் சட்ட வரம்பு. அந்த மாதிரி சத்தத்தில் நின்ற காது கொஞ்ச நேரம் மந்தமாகத்தான் இருக்கும். இரவு முழுக்க ஓய்வு கொடுத்து, மறுநாள் வேலைக்கு முன்னால் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். கேட்டதற்கு, “சார், லிஸ்ட் முடிக்கணும்” என்றார் வேன்காரர்.

யோகா வகுப்பும் உண்டாம், ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும். சரி, இருக்கட்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு ஐந்துக்கு நான்கரை. காதுக்கு ஒன்று, அதுவும் வேனில் ஏசி இருந்ததற்காக.