ஸ்கைலைட் ஒழுக்கு: அப்பா கொடுத்த 1,900 வெள்ளி

கூரையில் ஸ்கைலைட் (வெளிச்சம் வருவதற்கான ஒளிபுகும் திறப்பு) உள்ள தரைவீட்டில் உங்கள் பெற்றோர் தனியாக இருந்தால், இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சிங்கப்பூர் சிராங்கூன் கார்டனில் அப்பாவும் அம்மாவும் இருப்பது பழைய டெரஸ் வீடு. மாடிப்படிக்கு நேர் மேலே பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் போட்ட ஸ்கைலைட். நவம்பர் மழையில் அதன் ஓரமாகச் சொட்ட ஆரம்பித்தது. படியில் வாளியை வைத்துவிட்டு, தபால் பெட்டியில் கிடந்த விளம்பரத் தாளில் இருந்த எண்ணுக்கு அப்பா போன் செய்திருக்கிறார். நான் அப்போது வெளியூரில்.

வந்தவர் நல்ல தமிழ் பேசினாராம். "680 வெள்ளிதான் அங்கிள், பத்து வருஷம் வாரண்ட்டி." பாதிப் பணத்தைப் பேநவ்வில் (போன்வழி வங்கிப் பரிமாற்றம்) வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். அரை மணி நேரத்தில் அப்பாவின் வாட்ஸப்புக்கு ஒரு படம்: ஓட்டுக்கு அடியில் பெரிய விரிசல். "இன்னிக்கே செய்யலேன்னா சீலிங் இறங்கிடும் அங்கிள்." மொத்தம் 1,900 வெள்ளி. 76 வயதில் அவர் எப்படி ஏறிப் பார்ப்பார்? கொடுத்துவிட்டார்.

அந்தப் படத்தை இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அதில் இருந்தது செம்பழுப்பு ஓடு. எங்கள் வீட்டு ஓடு பச்சை. நான் பிறந்ததிலிருந்து பச்சை. யார் வீட்டுக் கூரையையோ காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் வாரம் அதே இடத்தில் சொட்டியது. கேட்டால், வாரண்ட்டி இடைவெளியை அடைக்கப் பூசிய சிலிக்கோனுக்குத்தானாம், ஒழுக்குக்கு இல்லையாம். அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

நண்பர் ஒருவர் அனுப்பிய கூரை வேலைக்காரர், வந்தவுடன் விலை பேசவில்லை. ஹோஸ் குழாயைக் கேட்டார். ஸ்கைலைட்டின் கீழ் விளிம்பில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்த் தண்ணீர் விட்டார். மேல் விளிம்புக்கு வந்ததும் உள்ளே சொட்டியது. சுவரோடு சேர்ந்திருக்க வேண்டிய அலுமினியத் தகடு அங்கே விலகியிருந்தது. முதல் ஆள் அந்தப் பக்கமே போகவில்லை. ஷீட்டின் ஓரத்தில் பழைய சிலிக்கோன் மேலேயே புதிதைப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். விரலால் இழுத்ததும் நாடா மாதிரி உரிந்து வந்தது. காய்ந்த சிலிக்கோன் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி, துடைத்து, காயவிட்டுத்தான் பூச வேண்டும்.

"அன்னிக்கு வீடெல்லாம் வினிகர் நெடி" என்றார் அம்மா. அந்த நெடி வருகிற சிலிக்கோன் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்கும் வகைதான் வாங்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த முதல் ஆள் ஷீட்டில் புதிதாக மூன்று திருகாணிகளை இறுக்கி முடுக்கியிருந்தார். இரண்டு மீட்டர் பாலிகார்பனேட் ஷீட், சூடு 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீளும். திருகாணித் துளை அகலமாக இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே வெடிக்கும். எங்கள் ஷீட்டில் இரண்டு துளைகளில் கீறல் விட்டுவிட்டது.

சரியான பழுதுக்கு ஆன செலவு 420 வெள்ளி.

தண்ணீர் விட்டுப் பார்க்காமல் விலை சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கூரையின் படத்தை அனுப்பினால் ஏற்காதீர்கள். ஏணியில் ஏறுவதிலிருந்து விரிசல் வரை வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வாரண்ட்டி எதற்கு, பொருளுக்கா ஒழுக்குக்கா என்று இன்வாய்ஸில் எழுதி வாங்குங்கள். அப்பாவிடம் இருப்பது ஒரு கிறுக்கல் ரசீது.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு கொடுத்திருக்கிறேன். 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் தேவையில்லை, வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "போனது போகட்டும், விடும்மா" என்கிறார் அப்பா. அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். செம்பழுப்பு ஓட்டுப் படத்தை அச்செடுத்து, உரிந்து வந்த அந்தச் சிலிக்கோன் நாடாவோடு ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.